இல்லாதவருக்கு எத்திவைப்போம்!
மடிக்கணினியில் குத்பா ஒலிப்பதிவு



ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு, மக்கா வெற்றி கொள்ளப்பட்ட வேளையில் நபி (ஸல்) அவர்கள் மக்களிடையே நின்று அந்நகரின் புனிதம் குறித்து உரை நிகழ்த்தினார்கள். அக்கூட்டத்தில் யமன் நாட்டைச் சேர்ந்த அபூஷாஹ் (ரலி) என்ற தோழரும் இருந்தார். அவர் எழுந்து, இதைத் தமக்கு எழுதித் தருமாறு வேண்டினார். அபூஷாஹுக்கு எழுதிக் கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அவர் எழுதிக் கேட்டது எதனை என்று பிற்காலத்தில் இமாம் அவ்ஸாயீ (ரஹ்) அவர்களிடம் வினவப்பட்டபோது, தாம் செவியுற்ற அந்த உரையைத்தான் என்று விளக்கம் அளித்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ள செய்தி இது.

ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு, இறுதி ஹஜ்ஜின்போதும், வந்திருப்பவர் வராதவருக்கு எத்திவைக்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். நேரில் கேட்டவரைக் காட்டிலும் எத்திவைக்கப்பட்டவர் அதனை நன்கு விளங்கிக் கொள்பவராக இருக்கக் கூடும் என்பதையும் உணர்த்தினார்கள்.

நம் வீட்டில் வராதவர்கள் யார்? படுக்கையில் இருக்கும் தந்தை, அவரைப் பராமரிக்கும் தாய், வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் மகன். மிம்பரில் ஒலித்த உரையை அவர்களுக்கு எத்திவைப்பது எவ்வாறு? தொழுது வந்தவரிடம் இன்று ஹஜ்ரத் என்ன பேசினார் என்று கேட்டால், நன்றாகப் பேசினார் என்ற பதிலோடு பல வீடுகளில் பேச்சு முடிந்துவிடுகிறது.

1961ஆம் ஆண்டு எகிப்தில் ஷைக் மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ (ரஹ்) அவர்களின் குரலில் திருக்குர்ஆன் முழுவதும் ஒலிப்பதிவாக வெளிவந்தது. அதற்குப் பெரும் நிலையமும் பொறியாளர்களும் தேவைப்பட்டனர். பின்னர் ஒலிநாடாக்கள் வந்தன. நாடா சிக்கியும் பூஞ்சை பிடித்தும் எத்தனையோ நல்ல பயான்கள் அழிந்து போயின. இன்றோ அல்லாஹ்வின் அருளால், பிள்ளைகள் படிப்பிற்காக வாங்கிய மடிக்கணினியே அப்பணிக்குப் போதுமானதாக இருக்கிறது.

மென்பொருளை நிறுவுதல்

ஆடாசிட்டி என்ற மென்பொருள் இதற்கு ஏற்றது. அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1999ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு, 2000ஆம் ஆண்டு பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டது. இதற்குக் கட்டணம் இல்லை. விலைக்கு விற்கப்படும் மென்பொருளைத் திருட்டுத்தனமாகப் பெற்று, அதைக் கொண்டு மார்க்க உரையைப் பதிவு செய்வது முறையாகுமா? ஹலாலான வழி இவ்வளவு எளிதாக இருக்கும்போது அதற்கு அவசியமே இல்லை. ஆடாசிட்டியின் சொந்த இணையதளத்திலிருந்து மட்டுமே இறக்கிக் கொள்ளுங்கள். வேறு தளங்களில் வேண்டாத நிரல்களும் உடன் ஒட்டிக்கொண்டு வரக்கூடும்.

முன்பெல்லாம் எம்.பி.3 கோப்பாக மாற்ற, லேம் என்ற துணை நிரலைத் தனியே தேடிச் சேர்க்க வேண்டியிருந்தது. 2019ஆம் ஆண்டு முதல் விண்டோஸ் பதிப்பிலேயே அது இணைந்து வருகிறது. எனவே பழைய வழிகாட்டிகளைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

நிறுவிய பின்னர் மூன்று அமைப்புகளைச் சரிபார்க்க வேண்டும்.

முதலாவது, அனுமதி. விண்டோஸ் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குச் சென்று, மைக்ரோஃபோன் என்ற இடத்தில் டெஸ்க்டாப் செயலிகளுக்கு மைக்கைப் பயன்படுத்தும் அனுமதி உள்ளதா என்று பாருங்கள். அனுமதி இல்லையெனில் மைக் சரியாக இருந்தும் வெறும் நேர்கோடே பதிவாகும். பலர் மைக் பழுதாகிவிட்டதென்று எண்ணுவது இதனால்தான்.

இரண்டாவது, கருவியும் தடமும். ஆடாசிட்டியின் மேற்பகுதியில் உள்ள ஆடியோ செட்டப் பொத்தானை அழுத்தி, ரெக்கார்டிங் டிவைஸ் என்ற இடத்தில் நீங்கள் இணைத்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள். ரெக்கார்டிங் சேனல்ஸ் என்பதை 1 என மாற்றுங்கள். ஒருவர் பேசும் உரைக்கு ஒற்றைத் தடமே போதும். இரட்டைத் தடம் இடத்தைத்தான் இரு மடங்காக அடைக்கும்.

மூன்றாவது, தரம். விநாடிக்கு 44,100 மாதிரிகள் என்ற அளவை அப்படியே விட்டுவிடுங்கள். மனிதச் செவி கேட்கும் எல்லை முழுவதையும் அது உள்ளடக்கும். இந்த அளவில், ஆடாசிட்டியின் இயல்பான 32 பிட் வடிவில், ஒரு மணி நேர ஒற்றைத் தடப் பதிவுக்கு ஏறத்தாழ 635 எம்.பி. இடம் தேவைப்படும். வட்டில் குறைந்தது 2 ஜி.பி. காலியாக இருக்கட்டும்.

மைக்கை இணைக்கும் முறை

மடிக்கணினியின் உள்மைக்கை நம்ப வேண்டாம். மிம்பருக்குத் தொலைவில் இருப்பதால் கதீபின் குரலை விட மின்விசிறியின் ஓசையே அதில் மிகுதியாகப் பதியும். யு.எஸ்.பி. மைக்கை மிம்பரின் அருகில் வைக்கலாம். அல்லது சட்டையில் மாட்டும் சிறு மைக்கைக் கதீபின் மோவாய்க்கு ஒரு சாண் கீழே பொருத்தலாம்.

பள்ளிவாசலின் ஒலிபெருக்கியிலிருந்து நேரடியாக எடுப்பதாயின், லைன் அவுட் என்று குறிக்கப்பட்ட துளையிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். ஸ்பீக்கருக்குச் செல்லும் 70 வோல்ட், 100 வோல்ட் முனைகளில் கணினியை ஒருபோதும் இணைக்கக் கூடாது. இணைத்தால் கணினி கெட்டுவிடும். லைன் அவுட் ஒலியும் மைக் துளைக்கு மிகுதியானதே. ஆகவே லைன் உள்ளீடு கொண்ட யு.எஸ்.பி. ஆடியோ கருவி ஒன்றை இடையில் பொருத்துவது சிறந்தது. இணைத்ததும் ஙொய்ங் என்ற இரைச்சல் கேட்டால் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் இயக்கிப் பாருங்கள். பெரும்பாலும் அது நின்றுவிடும்.

ஒலி அளவை முன்னதாகவே சோதியுங்கள். முஅத்தினையோ ஒரு நண்பரையோ மிம்பரில் நின்று உரத்துப் பேசச் சொல்லுங்கள். அளவுமானியின் உச்சம் மைனஸ் 12க்கும் மைனஸ் 6க்கும் இடையில் நிற்க வேண்டும். பூஜ்யத்தைத் தொட்டால் ஒலி சிதையும். சிதைந்த ஒலியைப் பின்னர் எந்த மென்பொருளாலும் முழுமையாகச் சீராக்க இயலாது. குறைவாகப் பதிந்ததையோ உயர்த்திக் கொள்ளலாம். கதீப் மறுமையைப் பற்றிப் பேசும்போது குரல் உயரும் என்பதை நினைவில் வைத்து, சற்று இடம் விட்டே அளவை அமையுங்கள்.

பதிவு செய்பவரின் ஜும்ஆ

சகோதரர்களே! இங்குதான் நாம் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இமாம் குத்பா ஓதும்போது அருகில் இருப்பவரிடம் மௌனமாக இரு என்று சொல்வதே வீண் செயல் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். தரையில் கிடக்கும் சிறு கல்லைத் தொட்டு விளையாடுவதையும் வீண் செயல் என்றார்கள். அப்படியிருக்க, குத்பாவின் நடுவே கணினித் திரையைப் பார்த்துக்கொண்டு, பொத்தான்களைத் திருகிக்கொண்டு இருப்பவரின் நிலை என்ன? ஊருக்கெல்லாம் குத்பாவை எத்திவைத்துவிட்டு, தம்முடைய ஜும்ஆவின் நன்மையை இழந்தவராக அவர் ஆகிவிடக் கூடாது.

எனவே எல்லாவற்றையும் முன்கூட்டியே முடித்துவிடுங்கள். கணினி தானாக உறங்கிவிடாதபடி பவர் அமைப்பில் ஸ்லீப் என்பதை நெவர் என மாற்றுங்கள். இணையத் தொடர்பைத் துண்டித்து, கணினியின் ஒலியையும் அடக்கிவிடுங்கள். பேட்டரி நிறைந்திருக்கட்டும். பயான் தொடங்கும் முன்பே, ஆங்கில ஆர் எழுத்து விசையை அழுத்திப் பதிவைத் தொடங்கிவிட்டு, எழுந்து ஸஃப்பில் அமர்ந்து விடுங்கள். தொழுகை முடிந்த பின்னரே வந்து நிறுத்துங்கள். கூடுதலாகப் பதிந்ததை வீட்டில் வெட்டிக் கொள்ளலாம். தவறவிட்ட ஜும்ஆவை மீட்க முடியாது. ஒரு வாரம் பதிவு கெட்டுப்போனாலும் கவலை வேண்டாம். பதிவு செய்வது நற்பணி. குத்பாவைச் செவிதாழ்த்திக் கேட்பதோ நம் மீதுள்ள கடமை.

கதீபின் அனுமதியையும் முன்பே பெற்றுக் கொள்ளுங்கள். ஜமாஅத்தினரின் குடும்பப் பிரச்சினையைப் பெயர் சொல்லாமல் சுட்டிப் பேசியிருப்பார். அது ஊருக்குள் நிற்க வேண்டிய செய்தி. உலகெங்கும் பரவ வேண்டியதன்று.

செப்பனிடுதல்

வீட்டிற்கு வந்ததும் முதலில் ப்ராஜெக்ட்டைச் சேமியுங்கள். 2021ஆம் ஆண்டுக்குப் பிந்தைய பதிப்புகளில் அனைத்தும் ஒரே கோப்பாகவே அமையும். அதில் ஒரு நகலைத் தனியே பாதுகாத்து வையுங்கள்.

பின்னர் இரைச்சலைக் குறைக்கலாம். யாரும் பேசாமல் மின்விசிறி மட்டும் ஓடும் சில விநாடிகளைத் தேர்ந்தெடுத்து, எஃபெக்ட் பட்டியலில் நாய்ஸ் ரிடக்ஷன் என்பதைத் திறந்து, கெட் நாய்ஸ் ப்ரொஃபைல் என்பதை அழுத்துங்கள். பிறகு பதிவு முழுவதையும் தேர்ந்தெடுத்து மீண்டும் அதனைத் திறந்து செயல்படுத்துங்கள். அளவோடு செய்யுங்கள். மிகுதியாகச் செய்தால் குரல் தகரத்தில் பேசுவது போலாகிவிடும். இறுதியாக நார்மலைஸ் செய்து, எக்ஸ்போர்ட் மூலம் 64 கே.பி.பி.எஸ். அளவில் ஒற்றைத் தட எம்.பி.3 ஆக மாற்றுங்கள். அரைமணி நேர உரை சுமார் 14 எம்.பி.க்குள் அடங்கும். கைப்பேசியில் அனுப்புவதற்கு இது எளிது.

வெட்டுவதில் அமானிதம்

தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள வெற்றிடத்தை வெட்டலாம். நீண்ட இருமலை நீக்கலாம். ஆனால் கருத்தை வெட்டாதீர்கள்! ஒரு தவறான கொள்கையைச் சிலர் இவ்வாறு கூறுகின்றனர் என்று எடுத்துச் சொல்லி, அதற்குப் பிறகு கதீப் மறுப்புக் கூறியிருப்பார். மறுப்பை வெட்டிவிட்டு முன்பகுதியை மட்டும் அனுப்பினால், அத்தவறான கொள்கையை அவரே சொன்னதாக ஆகிவிடும். குரல் அவருடையதுதான், சொற்களும் அவருடையவைதாம். எனினும் அது அவர் மீது சுமத்தப்பட்ட பொய்யாகும். சுருக்கமாக ஒரு பகுதியை அனுப்ப வேண்டியிருந்தால், முன்பின் தொடர்போடு எடுத்து, இது ஒரு பகுதி மட்டுமே என்று தெரிவித்துவிடுங்கள்.

நம் முன்னோரான ஹதீஸ் கலை அறிஞர்களைப் பாருங்கள். கைப்பிரதியின் ஓரத்திலும் இறுதியிலும், யாரிடம், எவ்விடத்தில், எந்த நாளில், யார் யார் கேட்டனர் என்று குறித்து வைத்தார்கள். ஒருவர் ஒரு பகுதியைத் தவறவிட்டிருந்தால் அதனையும் எழுதினார்கள். அந்த நேர்மையில் ஒரு பங்காவது நம்மிடம் வேண்டாமா? எக்ஸ்போர்ட் செய்யும்போது வரும் மெட்டாடேட்டா கட்டங்களில் கதீபின் பெயர், பள்ளிவாசல், ஹிஜ்ரி தேதி, ஆங்கிலத் தேதி, தலைப்பு ஆகியவற்றை எழுதுங்கள். இடையில் பதிவு விடுபட்டிருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். பெயரும் தேதியும் அற்ற உரை, தந்தை பெயர் அறியாத குழந்தையைப் போன்றது.

வீட்டிற்கும் பயன்படட்டும்

கற்றுக்கொண்ட இம்முறையை வீட்டிலும் பயன்படுத்துங்கள். பிள்ளைகள் குர்ஆன் ஓதுவதைப் பதிவு செய்து அவர்களுக்கே கேட்கச் செய்தால், மக்ரஜில் ஏற்படும் பிழையை அவர்களே உணர்வார்கள். பின்னர் உஸ்தாதிடம் திருத்திக் கொள்ளலாம். வாரம் ஒருநாள் குடும்பத்துடன் அமர்ந்து குத்பா பதிவைக் கேளுங்கள். கேட்டு முடிந்ததும் இதில் நாம் எதைச் செய்யப் போகிறோம் என்று ஒருவரையொருவர் கேளுங்கள். ஒரு செய்தியை மறக்க வேண்டாம். நோயோ பயணமோ போன்ற தக்க காரணம் இல்லாதவருக்கு, வீட்டிலிருந்து பதிவைக் கேட்பது ஜும்ஆவிற்கு ஈடாகாது.

அபூஷாஹ் (ரலி) அவர்களின் வாழ்க்கையைப் பற்றி அதிகமாக நாம் அறிவதில்லை. ஆனால் ஓர் உரையைப் பாதுகாத்துக்கொள்ள விரும்பிய அந்த ஒரு வேண்டுகோளால் அவருடைய பெயர் இன்று வரை நிலைத்திருக்கிறது.

கேட்டதை மாற்றாமல் எத்திவைப்பவர்களாகவும், எத்திவைப்பதன்படி நடப்பவர்களாகவும் வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி அருள் புரிவானாக! ஆமீன்.