கொள்ளை நோயும் கூட்டு வட்டியும்: ரோமாபுரியில் கிறிஸ்தவம் வளர்ந்த கதை

பாலசமுத்திரத்திலும் சித்தூரிலும் திருப்பதியிலும் குடியிருக்கும் தமிழர்களில், உடம்புக்கு முடியாமல் வேலூருக்குப் பஸ் ஏறாத குடும்பம் ஒன்று இருந்தால் அது அதிசயம்தான். அந்த ஆஸ்பத்திரியை 1900-ஆம் ஆண்டில் ஒற்றைக் கட்டிலுடன் தொடங்கியவர் ஐடா ஸ்கடர் அம்மையார். அவருடைய குடும்பத்தைச் சேர்ந்த சகோதரர்கள் 1853-ல் ஆர்க்காடு மிஷனை நிறுவியபோது வேலூரும் சித்தூரும் ஒரே வட ஆர்க்காடு ஜில்லாவில்தான் இருந்தன. 1911-ல்தான் சித்தூர் தனி ஜில்லா ஆயிற்று. அதே ஆண்டில் மதனப்பள்ளியில் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்று தோன்றியது. அடுத்த சில ஆண்டுகளில், அதன் அருகே ஆரோக்கியவரத்தில் க்ஷயரோகிகளுக்காகத் தனி ஆஸ்பத்திரியும் எழுந்தது.

பாதிரிமார்கள் போன இடமெல்லாம் நோயாளியின் கட்டிலும் கூடவே போனது ஏன்? இதற்கு விடை தேடினால், சுமார் 1,800 ஆண்டுகள் பின்னோக்கி ரோம சாம்ராஜ்யத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

குமாஸ்தாக்களுக்கு ஒரு கணக்கு

ராஜாவின் ஆணையால்தான் ரோமில் கிறிஸ்தவம் பரவியது என்று பலரும் எண்ணுகிறார்கள். கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி கிறிஸ்தவர்களின் பக்கம் சாய்ந்தது கி.பி. 312-ல். அதற்கு முன்பே அவர்கள் லட்சக்கணக்கில் பெருகியிருந்தார்கள்.

அமெரிக்க சமூகவியல் அறிஞர் ராட்னி ஸ்டார்க் 1996-ல் வெளியிட்ட நூலில் ஒரு மதிப்பீடு தந்தார். கி.பி. 40-ல் ஆயிரம் பேர் என்று வைத்துக்கொள்வோம். பத்தாண்டுக்கு 40 சதவீதம் வளர்ச்சி. ஆண்டுக்குச் சுமார் 3.4 சதவீதக் கூட்டு வட்டி. அவ்வளவுதான். நூறாம் ஆண்டில் ஏழாயிரத்து ஐந்நூறு பேர். ஆறு கோடி ஜனங்கள் வாழ்ந்த சாம்ராஜ்யத்தில் அது யார் கண்ணுக்கும் படாத தொகை. இருநூறில் சுமார் 2 லட்சத்து 18 ஆயிரம். முந்நூறில் 63 லட்சம்! அதாவது பத்துப் பேருக்கு ஒருவர்.

இது மதிப்பீடுதான். ஆயினும், இந்த வளர்ச்சிக்குப் பெரும் அற்புதமோ படைபலமோ தேவையில்லை என்பதை இது காட்டுகிறது. வீட்டுக்கு வீடு, உறவுக்கு உறவு சொல்லிச் சேர்ந்தாலே போதும். ஆனால் வட்டி நிற்காமல் ஏற வேண்டுமே, அதற்குக் காரணம் என்ன?

இரண்டு அடிமைப் பெண்கள்

கி.பி. 112 வாக்கில், இன்றைய துருக்கியிலுள்ள பித்தினியா பிரதேசத்துக் கவர்னர் பிளினி, டிராஜன் சக்கரவர்த்திக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தக் கூட்டத்தார் நகரங்களில் மட்டுமின்றிக் கிராமங்களிலும் பரவிவிட்டார்கள், ஆண், பெண், எல்லா வயதினர், எல்லா அந்தஸ்தினரும் இருக்கிறார்கள், இவர்களை என்ன செய்வது என்று மேலிடத்தைக் கேட்கும் கடிதம் அது. உண்மையை அறிய அவர் சித்திரவதை செய்தது இரண்டு அடிமைப் பெண்களை. அவர்கள் சபையின் ஊழியக்காரிகள். ரோமின் கண்ணில் அடிமை ஒரு சொத்து. அத்தகைய பெண்ணுக்கு அந்தச் சிறு கூட்டத்தில் ஒரு பதவியும் மரியாதையும் இருந்தன. இந்தக் கடிதத்தில் நம்மை நிறுத்தும் செய்தி இதுதான்.

கி.பி. 250-ல் டீசியஸ் சக்கரவர்த்தி வேறொரு வழி கண்டார். பிரஜைகள் எல்லோரும் தேவதைகளுக்குப் பலியிட்டு, அதிகாரிகளிடம் அத்தாட்சிப் பத்திரம் பெற வேண்டும் என்று ஆணையிட்டார். அப்படிப்பட்ட பத்திரங்கள் நாற்பதுக்கு மேல் எகிப்தின் மணலிலிருந்து கிடைத்திருக்கின்றன. உயிர் விட்டவர்கள் உண்டு. பயந்து பலியிட்டவர்களும் உண்டு. பலியிடாமலே பணம் கொடுத்துப் பத்திரம் வாங்கியவர்களும் உண்டு. எக்காலத்திலும் ஆபீஸ் ஆபீஸ்தான்!

யார் பார்த்துக்கொள்வார்கள்?

அந்தச் சமயத்தில்தான் கொடிய கொள்ளை நோய் சாம்ராஜ்யத்தைச் சூறையாடியது. பிழைப்புத் தேடி வந்த பல தேசத்தார், பல பாஷைக்காரர் நெருக்கியடித்து வாழ்ந்த நகரங்கள் அவை. சொந்த ஊரில் படுத்தால் அக்கம்பக்கம் உண்டு. அயலூரில் படுத்தால் யார் உண்டு? இன்றும் அயல் மாநிலத்தில் வேலை பார்க்கும் நமக்கு இந்தக் கேள்வியை விளக்க வேண்டியதில்லை.

அலெக்ஸாந்திரியாவின் சபைத் தலைவர் டயோனீசியஸ் அந்நாளில் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. உயிர் போகுமுன்பே நோயாளிகளைத் தெருவில் தள்ளிவிட்டு ஜனங்கள் ஓடினார்கள் என்றும், கிறிஸ்தவர்களோ கூட இருந்து பணிவிடை செய்து, அதே நோய் தொற்றித் தாங்களும் மாண்டார்கள் என்றும் அவர் எழுதுகிறார். கார்த்தேஜ் நகரில் சிப்ரியன் தம் மக்களைத் திரட்டி, தங்களைத் துன்புறுத்தியவர்களுக்கும் உதவச் செய்தார். அவரையே 258-ல் ரோம அரசு சிரச்சேதம் செய்தது.

மருந்தில்லாத காலத்திலும் கஞ்சியும் தண்ணீரும் கொடுத்துப் பார்த்துக்கொண்டால் பலர் பிழைத்துக்கொள்வார்கள். பிழைத்தவன், தன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவர் யார் என்பதை மறப்பானா? கூட்டு வட்டி ஏறியதற்கு இது ஒரு முக்கிய காரணம் என்கிறார் ஸ்டார்க்.

இவை கிறிஸ்தவர்களே எழுதியவைதாமே என்று கேட்கலாம். எதிராளியின் சாட்சியமும் உண்டு. 361-ல் பட்டத்துக்கு வந்த ஜூலியன் சக்கரவர்த்தி பழைய தெய்வ வழிபாட்டை மீட்க முயன்றவர். அவர் தம் பூசாரி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் போஷிக்கிறார்கள், நமக்கு வெட்கமாயில்லையா என்று கடிந்துகொள்கிறார். ஊர்தோறும் சத்திரம் கட்டச் சொல்லித் தானியமும் ஒதுக்கினார். ஆனால் இரண்டே ஆண்டுகளில் போர்க்களத்தில் மாண்டார்.

ஒங்கோலில் நடந்தது

இனி நம் பக்கத்துக்கு வருவோம். நெல்லூருக்கு வடக்கே ஒங்கோலில், தோல் வியாபாரத்துக்காக ஊர் ஊராகச் சென்ற யெர்ரகுண்ட்ல பெரய்யா என்ற மாதிகா வகுப்பினர் 1866-ல் ஞானஸ்நானம் பெற்றார். அவர் மூலம் அவருடைய உறவின்முறைக்குள் அம்மதம் பரவியது. பின் 1876-78 தாது வருஷப் பஞ்சம். ஜான் கிளஃப் என்ற அமெரிக்கப் பாதிரியார் பக்கிங்காம் கால்வாயில் ஒரு பகுதியை வெட்டும் கான்ட்ராக்டை எடுத்து, பட்டினி கிடந்தவர்களுக்குக் கூலி கொடுத்தார். சோற்றுக்காகச் சேர்ந்தார்கள் என்ற பேச்சு வரக்கூடாது என்று, நிவாரண வேலை நடந்த காலத்தில் ஒருவருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. அது முடிந்தபின், 1878 ஜூலை 3-ஆம் தேதி ஒரே நாளில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் 2,222 பேர். அவர்களில் பெரும்பாலோர் ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தவர்கள். சோறு ஒரு காரணமாக இருந்திருக்கலாம். மனிதனாக மதிக்கப்பட்டதும் ஒரு காரணமல்லவா?

அதிகாரம் வந்த பிறகு

கதையின் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். கான்ஸ்டன்டைன் 313-ல் எல்லா மதங்களுக்கும் சுதந்திரம் தந்தார். 380-ல் தியோடோசியஸ், கிறிஸ்தவத்தையே பிரஜைகள் அனைவரின் மதமாக்கினார். அடுத்த சில ஆண்டுகளில் பழைய கோயில்கள் மூடப்பட்டன, சில இடிக்கப்பட்டன. நேற்றுவரை அடி வாங்கியவர்கள் அடிக்கத் தொடங்கினார்கள். அடிமை முறையும் உடனே ஒழிந்துவிடவில்லை. நம் நாட்டிலும் மாதா கோயிலுக்குள்ளேயும் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயும் சாதிச் சுவர் எழுந்த ஊர்கள் உண்டு.

ஆகவே, எந்த மதத்தவரானாலும் இந்த வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ள ஒரு பாடம் இருக்கிறது. ஒரு கொள்கை ஜனங்களின் மனத்தில் இடம் பிடித்தது, அதிகாரம் இல்லாத நாளில், அயலான் காய்ச்சலில் கிடந்தபோது அவன் பக்கத்தில் உட்கார்ந்ததால்தான். வெளி மாநிலத்தில் சங்கம் வைத்து விழா எடுக்கும் நாம், நம் தெருவில் தனியாகப் படுத்துக் கிடப்பவரைப் பார்த்துவர இரண்டு பேரையாவது நியமித்திருக்கிறோமா? அடுத்த கூட்டத்தில் யாராவது எழுந்து இதைக் கேட்கட்டும்.