பழைய உலாவிகளில் முன்குறிப்பு உரை: கல்வெட்டுத் தரவுப் படிவத்தை முன்வைத்து

படிவப் பெட்டியில் என்ன எழுத வேண்டும் என்பதை மங்கிய எழுத்தில் காட்டி, பயனர் தட்டச்சிட்டதும் மறையும் முன்குறிப்பு, எச்டிஎம்எல் 5 வரையறையில் பிளேஸ்ஹோல்டர் எனப்படுகிறது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 10ஆம் பதிப்பில்தான் இதை ஏற்றது. விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளிலோ அவ்வுலாவியின் 8ஆம் பதிப்புக்கு மேல் நிறுவ இயலாது. இக்குறையை ஜாவாஸ்கிரிப்ட் நிரலால் ஈடுசெய்யும் முறையையும், அதனால் ஆய்வுத் தரவுக்கு நேரக்கூடிய கேட்டையும் இக்கட்டுரை விளக்குகிறது.

கல்வெட்டுகளைத் தொகுக்கும் இணையப் படிவம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதன் 'ஊர்' என்னும் பெட்டிக்கு 'உத்திரமேரூர்' என்பது முன்குறிப்பு. உலாவி உருவாக்கும் உள்ளீட்டு உறுப்பில் பிளேஸ்ஹோல்டர் என்னும் பண்பு உண்டா என நிரல் முதலில் சோதிக்கும். உண்டெனில் அதற்கு வேலையில்லை. இல்லையெனில் முன்குறிப்பைப் பெட்டியின் மதிப்பாகவே இட்டுச் சாம்பல் நிறம் தரும். கர்சர் பெட்டிக்குள் வந்ததும் நீக்கும். பயனர் ஒன்றும் எழுதாது வெளியேறினால் மீண்டும் இடும்.

சிக்கல் இங்கேதான் எழுகிறது. உலாவியைப் பொறுத்தவரை அச்சொல் இப்போது முன்குறிப்பன்று, எழுதப்பட்ட விடை. அப்படியே அனுப்பப்பட்டால் ஊர் குறிக்கப்படாத கல்வெட்டுகள் யாவும் உத்திரமேரூர்க் கணக்கில் சேர்ந்துவிடும். இதைத் தவிர்க்க, பெட்டியிலுள்ள சொல்லும் முன்குறிப்பும் ஒன்றாயின் அனுப்பும் கணத்தில் அழித்துவிடுமாறு நிரல் எழுதுவது வழக்கம். அதனால் நேர்மாறான பிழை நேர்கிறது. வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ள, முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுக் (கி.பி. 919, 921) கல்வெட்டுகளைப் பதிபவர் ஊர்ப்பெயரைச் சரியாகவே எழுதுவார், நிரலோ அதனை முன்குறிப்பெனக் கொண்டு அழித்துவிடும். குடவோலை முறையை விரித்துரைக்கும் கல்வெட்டுகளே ஊரற்றவையாகும்!

சொல்லை ஒப்பிடாமல், பயனர் தட்டச்சிட்டாரா என்பதைத் தனி அடையாளமாகக் குறித்துவைத்தால் இப்பிழை நேராது. அதனினும் நன்று, முன்குறிப்பை மதிப்பாக இடாமல் பெட்டியின்மேல் படியும் தனி உறுப்பாகக் காட்டுவது. (கடவுச்சொல் பெட்டிக்கு இதுவே ஏற்றது, மதிப்பாக இட்டால் அங்குப் புள்ளிகள் மட்டுமே தெரியும்.) எவ்வாறாயினும் பெட்டியின் பெயரை முன்குறிப்பாக மட்டும் தருதல் பொருந்தாது; தட்டச்சிட்டதும் அது மறைந்துவிடும்.

இத்தகைய படிவங்களால் முன்னர்த் திரட்டப்பட்ட தரவைப் பயன்படுத்துவோர், முன்குறிப்புச் சொல்லே பதிவாகியுள்ள இடங்களையும் வெறுமையாக உள்ள இடங்களையும் கல்வெட்டின் அச்சுப் பதிப்போடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.