உங்களுக்குத் தெரியுமா? பச்சைக் கண் சுறாக்கள்

ஆஸ்திரேலியாவின் கடலடிச் சரிவில், 200 மீட்டருக்கும் கீழே, அக்கா தங்கை போல இரண்டு சுறாக்கள் வாழ்கின்றன: ஹாரிசன் சுறா, தெற்குச் சுறா. இரண்டுக்கும் பெரிய பச்சைக் கண்கள். முதுகுத் துடுப்பு ஒவ்வொன்றின் முன்னும் ஒரு முள். நீளம் ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும். ஹாரிசனுக்கு மூக்கு கொஞ்சம் நீளம். பழகாத கண்ணுக்கு எது எதுவென்று பிடிபடாது.

பெயரிலுள்ள ஹாரிசன் யார்? டாஸ்மேனியாவைச் சேர்ந்த உயிரியலாளர். மாசன் என்ற ஆய்வுப் பயணியின் அண்டார்க்டிக் பயணக் குழுவில் இருந்தவர். 1914 டிசம்பரில் மக்குவாரி தீவிலிருந்து புறப்பட்ட ‘எண்டெவர்’ கப்பல், அவரோடும் மற்றவர்களோடும் சுவடின்றி மறைந்தது. மறு ஆண்டே இந்தச் சுறாவுக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

தெற்குச் சுறா தனி இனம் என விவரிக்கப்பட்டது 2008இல்தான். அதன் அறிவியல் பெயர் பற்றி விவாதமும் எழுந்தது.

ஹாரிசன் சுறா கிழக்குக் கரைக்கும் டாஸ்மன் கடலின் நீரடி மலைகளுக்கும் உரியது. மற்றது தெற்குக் கரையோரமாக மேற்கு ஆஸ்திரேலியா வரை பரவியிருக்கிறது. தென்கிழக்கில் மட்டும் இரண்டின் எல்லைகளும் கலக்கின்றன.

தெற்குச் சுறா ஓர் ஈற்றில் ஒரே ஒரு குட்டிதான் போடும். ஹாரிசன் ஒன்றோ இரண்டோ. கர்ப்பம் இரண்டு மூன்று ஆண்டுகள் நீளும் என்பது ஆய்வாளர் கணிப்பு. குட்டி வளர்ந்து தாயாகவும் பல ஆண்டுகள் ஆகும். இப்படிப்பட்ட உயிரை இழுவலை போட்டு அள்ளினால் என்ன மிஞ்சும்?

அதற்கும் விடை இருக்கிறது. நியூ சவுத் வேல்ஸ் கரைக்கு அப்பால் ‘கபாலா’ ஆய்வுக் கப்பல் 1976-77இல் வலை வீசிய இடங்களில் 1996-97இல் மறுபடி வீசியது. இந்த வகைச் சுறாக்களின் அளவு 98 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. இருபதே ஆண்டுகளில்! படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது.

உடம்பில் கருவி பொருத்திப் பின்தொடர்ந்ததில், தெற்குச் சுறா பகலில் ஆழத்தில் இருந்துவிட்டு இரவில் சரிவின் மேற்பகுதிக்கு ஏறி வருவது தெரிந்தது. ஆகவே ஓர் ஆழத்தை மட்டும் மீன்பிடிப்புக்கு மூடிவைத்தால் பாதுகாப்பு ஆகாது. சரிவு முழுவதையும் மூட வேண்டும். இன்று சில பகுதிகளில் மீன்பிடிப்புக்குத் தடை உண்டு. இவ்விரண்டையும் பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடாது.

இழுவலையோடு, இவற்றின் ஈரலில் ஊறும் எண்ணெயும் இவற்றுக்கு எமன் ஆனது. சுறா ஈரல் எண்ணெயிலுள்ள ஸ்குவாலீன் என்ற பொருள் அழகுசாதனங்களுக்குப் பயன்படுகிறது. அதே பொருளை ஆலிவிலிருந்தும் கரும்பிலிருந்தும் எடுக்கலாம். முகக் களிம்பு வாங்கும்போது, அதிலுள்ளது செடியிலிருந்து வந்ததா, சுறாவிலிருந்து வந்ததா என்று ஒருமுறை கேளுங்கள்.