மலை மேலே வருஷத்துக்கு ஒரு வாரம் 'சொந்த பங்களா'! ஊரையும் மாதத்தையும் பார்த்து கையெழுத்து போடுங்க!

மாதச் சம்பளக்காரருக்கும் மலை மேலே பங்களா! ஒரு தடவை பணம் கட்டினால் போதும், 25 வருஷத்துக்கு லீவு கவலை இல்லை!

இப்படி ஆசை காட்டி 'டைம் ஷேர்' திட்டங்கள் ஜோராக விற்பனை ஆகின்றன. இதில் சேர்ந்து, வருஷம் தவறாமல் பெண்டாட்டி பிள்ளைகளோடு போய் வருகிறவர்களும் உண்டு. பணத்தையும் கட்டிவிட்டு, மே மாதம் ரூம் கிடைக்காமல் வீட்டு மொட்டை மாடியில் காற்று வாங்குகிறவர்களும் உண்டு.

இரண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்? விடுதி எந்த ஊரில் இருக்கிறது, எந்த மாதம் கிடைக்கிறது என்பதுதான். புதுசு புதுசாக விடுதிகள் முளைக்கும் இந்தக் காலத்தில், நல்ல இடம் எது என்று தெரிந்துகொண்டு பணத்தைக் கொடுப்பது நல்லது.

என்ன இந்தத் திட்டம்?

ஒரு வருஷத்துக்கு 52 வாரம். ஒரே ரூமை 52 குடும்பத்துக்கு, ஆளுக்கு ஒரு வாரம் என்று பங்கு போட்டு விற்றால் அதுதான் டைம் ஷேர். பத்திரம் பதிந்து சொத்து எழுதித் தருவதாகப் பலர் நினைக்கிறார்கள். இங்கே பெரும்பாலும் கிடைப்பது குறிப்பிட்ட வருஷங்களுக்குத் தங்கும் உரிமை மட்டும்தான்.

1960-களில் ஐரோப்பாவில், பிரான்ஸ், சுவிட்சர்லாந்து பக்கம் தொடங்கிய யோசனை இது. 1974-ல் அமெரிக்காவில் ஆர்.சி.ஐ. என்ற கம்பெனி, ஒரு ஊரில் வாரம் வைத்திருப்பவர் அதை வேறு ஊருக்கு மாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டைக் கொண்டு வந்தது. அதன் பிறகு வியாபாரம் சூடு பிடித்தது.

இந்தியாவில் 1986-ல் சென்னையில் ஆரம்பித்த ஸ்டெர்லிங் கம்பெனி, கொடைக்கானல், ஊட்டி என்று மலைகளைத்தான் பிடித்தது. 1996-ல் வந்த மகிந்திரா கம்பெனி மூணாறில் கால் ஊன்றியது. வெயிலில் வேகும் பட்டணத்துக்காரனுக்குக் குளிர்தானே முதல் ஆசை! கொடைக்கானல் சுமார் 7 ஆயிரம் அடி உயரம். ஊட்டி அதற்கும் மேலே, சுமார் 7,350 அடி.

மே மாத கணக்கு

ஆனால் எல்லோருக்கும் அதே ஊர், அதே மாதம்தான் வேண்டும் என்பதில்தான் சிக்கல்.

ஒரு சின்ன கணக்கு. 100 ரூம் உள்ள ஒரு விடுதி. ரூமுக்கு 52 பேர் வீதம் 5,200 பேரைச் சேர்க்கலாம். மே மாதத்தில் 4 வாரம் என்றால், 400 குடும்பத்துக்குத்தான் இடம். அதாவது 13 பேரில் ஒருவருக்கு! மற்ற 12 பேர், 'ஜூலையில் வாங்க, நவம்பரில் வாங்க' என்ற பதிலைத்தான் கேட்க வேண்டும். நவம்பரில் பள்ளிக்கூடம் நடக்கும். மலையில் மழை கொட்டும்.

இதனால்தான் கம்பெனிகள் வருஷத்தை 'சீசன்' பிரித்து வெவ்வேறு விலைக்கு விற்கின்றன. கிராக்கியான சீசனுக்கு விலை அதிகம். குறைந்த விலைக்கு வாங்கியவர் மே மாதம் கேட்டால் கிடைக்காது. 'விலை சல்லிசா இருக்கே' என்று சந்தோஷப்படுவதற்கு முன்னால், எந்த மாதத்துக்கான விலை என்று கேட்க வேண்டும்.

வேறு ஊருக்கு மாற்றிக்கொள்வதிலும் இதே கதைதான். கிராக்கி உள்ள ஊரும் கிராக்கி உள்ள வாரமும் கையில் இருந்தால்தான் நல்ல ஊர் பதிலுக்குக் கிடைக்கும். யாரும் கேட்காத மழைக்கால வாரத்தைக் கொடுத்துவிட்டு, டிசம்பர் மாத கோவாவை எதிர்பார்க்க முடியாது.

நல்ல இடம் எது?

வருஷத்தில் ஒரே ஒரு சீசன் உள்ள ஊரை விட, இரண்டு மூன்று சீசன் உள்ள ஊர்தான் டைம் ஷேருக்குத் தோதானது. பெரிய பட்டணத்தில் இருந்து ஒரு ராத்திரி ரெயிலிலோ பஸ்சிலோ போய்ச் சேர வேண்டும். தண்ணீர் கஷ்டம் இருக்கக்கூடாது. அவசரத்துக்கு ஆஸ்பத்திரி வேண்டும்.

இந்தக் கணக்கில்தான் ஏற்காடு, ஏலகிரி, மூணாறு, குடகு, கேரளக் காயல் பகுதி, புதுச்சேரி, கோவா எல்லாம் பட்டியலில் வருகின்றன. ஏற்காட்டுக்கு சேலத்தில் இருந்து சுமார் 30 கிலோ மீட்டர்தான். வழியில் 20 கொண்டை ஊசி வளைவு. ஏலகிரிக்கு ஜோலார்பேட்டை ரெயில் நிலையம் பக்கம். வளைவு 14. சனி, ஞாயிறு போய்விட்டுத் திங்கட்கிழமை ஆபீசுக்கு வந்துவிடலாம். கோவாவுக்கு டிசம்பர் மாதக் கூட்டம். புதுச்சேரிக்கு சென்னையில் இருந்து பஸ்சில் சில மணி நேரம். வருஷம் பூராவும் ஆள் போகிறது.

ரூம் இருக்கு, ரோடு?

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம் என்று சென்னை ஐகோர்ட்டு உத்தரவிட்டது. 2024-ம் ஆண்டு மே 7-ந்தேதி அது அமலுக்கு வந்தது. 2025 கோடையில் இன்னும் கெடுபிடி. ஊட்டிக்கு சாதாரண நாளில் 6 ஆயிரம் வண்டி, சனி, ஞாயிறில் 8 ஆயிரம். கொடைக்கானலுக்கு 4 ஆயிரம், 6 ஆயிரம். ஏப்ரல் முதல் ஜூன் வரை இந்த வரம்பு விதிக்கப்பட்டது.

கம்பெனி ரூம் ஒதுக்கினாலும், வண்டிக்குப் பாஸ் வாங்குவது அவரவர் பாடு. அரசு பஸ்சில் போகிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை.

மழைக்காலத்தில் வேறு பயம். மூணாறு பக்கத்தில் பெட்டிமுடியில் 2020 ஆகஸ்டில் மலை சரிந்து 70 பேர் பலியானார்கள். தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் குடும்பங்கள் மண்ணோடு போயின. வயநாட்டில் 2024 ஜூலை 30-ந்தேதி அதிகாலை நடந்த சரிவில் 200-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சரிவில் தொங்கும் விடுதி போட்டோவில் அழகாகத்தான் இருக்கும். அடியில் மண் எப்படி, மேலே ஓடை உண்டா என்று பார்ப்பது முக்கியம்.

இடிக்கப்பட்ட 54 பங்களாக்கள்

கட்டடத்துக்கு அனுமதி உண்டா என்பதும் பெரிய விஷயம். கேரளாவில் வேம்பநாட்டுக் காயல் நடுவே நெடியத்துருத்து தீவில் 54 பங்களாக்களோடு ஒரு சொகுசு விடுதி எழும்பியது. கடலோர விதியை மீறியது என்று வழக்கு. இடிக்கச் சொல்லி 2020 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. 2022 செப்டம்பரில் இடிப்பு வேலை தொடங்கியது. அது டைம் ஷேர் விடுதி அல்ல. ஆனால் 25 வருஷத்துக்குப் பணம் கட்டியவரின் விடுதிக்கு இந்தக் கதி வந்தால்?

கொடைக்கானலிலும் நடந்தது உண்டு. அனுமதிக்கு மேல் மாடிகளைக் கட்டிய ஒரு ஓட்டலின் கூடுதல் மாடிகளை இடிக்கும் உத்தரவை, 1995-ல் சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்தது.

'பரிசு விழுந்திருக்கு சார்!'

திட்டத்தை விற்கும் முறையைப் பார்த்தாலே தெரியும். திடீரென்று போன் வரும். 'உங்க நம்பருக்குப் பரிசு விழுந்திருக்கு சார். வீட்டம்மாவோடு ஓட்டலுக்கு வந்து வாங்கிக்கணும்' என்பார்கள்.

போனால் குளுகுளு ஹால், டீ, சமோசா, கலர் படம். டிப்-டாப் ஆசாமி ஒருவர் மணிக்கணக்கில் பேசுவார். 'இந்த விலை இன்னைக்கு மட்டும்தான். கார்டைக் கொடுங்க, முன்பணம் போட்டுடலாம்' என்பார். யோசிக்க ஒரு ராத்திரி கூடத் தர மாட்டார்.

ஐரோப்பிய நாடுகளில் கையெழுத்து போட்ட பிறகும் 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்ல சட்டம் இடம் தருகிறது. இந்தியாவில் டைம் ஷேருக்கென்று தனிச் சட்டம் கிடையாது. ஒப்பந்தத்தில் அச்சடித்து இருந்தால்தான் உண்டு. வாயால் சொன்னது செல்லாது.

பராமரிப்புக் கட்டணம் தனி. உதாரணத்துக்கு வருஷம் 15 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 25 வருஷத்தில் 3 லட்சத்து 75 ஆயிரம். கட்டணம் ஏறினால் இன்னும் கூடும். போகாத வருஷத்துக்கும் கட்டச் சொல்லும் ஒப்பந்தங்களும் உண்டு.

பணம் பெருகும் என்றால் உஷார்!

'தங்கப் போகாவிட்டால் பணம் கூடுதலாகத் திரும்ப வரும்' என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்துவிட வேண்டும். மும்பையைச் சேர்ந்த பான்கார்டு கிளப்ஸ் கம்பெனி, ஓட்டல் ரூம் நாட்களை விற்பதாகச் சொல்லி 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் பணம் வசூலித்தது. அனுமதி இல்லாத முதலீட்டுத் திட்டம் இது என்று சொல்லி, 7 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் திருப்பிக் கொடுக்க 2016-ல் 'செபி' உத்தரவிட்டது. அத்தனை பேர் காசும் சீட்டுக் கம்பெனி கதை ஆயிற்று.

கேட்க வேண்டியது என்ன?

எந்த ஊர், எந்த மாதம்? மே மாதத்துக்கு எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும்? பராமரிப்புக் கட்டணம் வருஷத்துக்கு எவ்வளவு ஏறும்? பாதியில் விலகினால் எவ்வளவு திரும்ப வரும்? விற்கவோ பிள்ளைக்கு மாற்றவோ முடியுமா? எல்லாவற்றுக்கும் எழுத்தில் பதில் வாங்க வேண்டும். 40 வயதில் சேருகிறவருக்கு முடியும்போது 65 வயது. மலைப் படிக்கட்டு ஏற முழங்கால் கேட்குமா என்பதும் யோசிக்க வேண்டியதுதான்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் மனம் உடைய வேண்டியது இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் கோர்ட்டில் வழக்கு போடலாம். கம்பெனி ஆபீஸ் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். கட்டிய பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கோர்ட்டுக் கட்டணம் கிடையாது. ஆனால் பிரச்சினை ஏற்பட்ட 2 வருஷத்துக்குள் போட வேண்டும். ரசீது, ஒப்பந்தம், ரூம் இல்லை என்று வந்த பதில் எல்லாம் பத்திரமாக இருக்கட்டும்.

சேரலாமா என்று யோசிப்பவர்கள் ஒன்று செய்யலாம். அதே விடுதியில் 2 நாள் காசு கொடுத்துத் தங்கி, அங்கே வந்திருக்கும் மெம்பர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பார்க்கலாம். 'மே மாசம் ரூம் கிடைச்சுதா?' என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். குட்டு வெளியே வந்துவிடும்!