முதலில் புத்தகம், பிறகு மருந்து

அமெரிக்காவில் வேட்டையாடுவோரும் குறிபார்த்துச் சுடும் போட்டிகளில் கலந்துகொள்வோரும், சுட்டுத் தீர்ந்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை எறிந்துவிடாமல், அதனைச் சுத்தம் செய்து பழைய அளவுக்குக் கொண்டுவந்து, மருந்தைப் பற்றவைக்கும் புதிய பிரைமரைப் பொருத்தி, வெடிமருந்தை நிறுத்து இட்டு, குண்டைக் கூட்டின் வாயில் இறுக்கி மறுபடியும் உபயோகிக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. செலவைக் குறைக்கவும், தம் துப்பாக்கிக்கு இசைந்த தோட்டாவைத் தாமே செய்துகொள்ளவும் விரும்பி இத்துறையில் புதிதாகப் பிரவேசிக்கும் ஒருவர், யந்திரத்தையும் தராசையும் தேடுவதற்கு முன்னர், நல்ல கையேடுகள் இரண்டைத் தேடி வாங்கிப் படிக்க வேண்டும் என்பதே என் உறுதியான அபிப்பிராயம்.

அதற்குக் காரணம் மருந்தின் சுபாவத்திலேயே இருக்கிறது. 1884ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்து ரசாயன அறிஞர் போல் வியேய் உருவாக்கிய புகையற்ற மருந்தின் வழிவந்த இக்காலத்து மருந்துகள், பரலின் வடிவம், பருமன், மேற்பூச்சு ஆகியவற்றுக்கு ஏற்ப விரைந்தோ மெல்லவோ எரிகின்றன. கைத்துப்பாக்கியின் சிறு கூட்டுக்குப் பொதுவாக விரைந்து எரிவதும், கனத்த குண்டைத் தள்ளும் ரைபிளின் பெருங்கூட்டுக்கு மெல்ல எரிவதும் பொருந்தும். விரைந்து எரிவதைப் பெருங்கூட்டில் இட்டாலோ, துப்பாக்கியே வெடித்துச் சுடுபவரின் கையையும் கண்ணையும் பறித்துவிடக்கூடும். கண்ணால் பார்த்து இன்ன மருந்து என்று நிச்சயிக்க இயலாது. பெயரிலுள்ள எண்ணும் போதிய பிரமாணமாகாது. ஐ.எம்.ஆர். 4350, எச். 4350 என்னும் இரண்டும் ஒரே எண்ணைத் தாங்கியிருந்தும் வெவ்வேறு மருந்துகள். ஒன்றற்குரிய அளவை மற்றொன்றுக்குக் கொள்ளலாகாது.

கையேட்டில் அச்சாகியிருக்கும் எண்கள், கூட்டினுள் எழும் அழுத்தத்தைக் கருவிகளால் அளந்து கண்ட பரீட்சைகளின் பலன்கள். லைமன் கையேடு பல நிறுவனங்களின் குண்டுகளையும் வார்ப்புக் குண்டுகளையும் பற்றிப் பொதுவாகச் சொல்லும். ஹார்னடி, சியெரா, ஸ்பியர் முதலியோர் தத்தம் குண்டுகளுக்குரிய அளவுகளைச் சொல்வர். குழலும் கூடும் பிரைமரும் மாறுவதால் இரு நூல்களின் எண்களும் மாறக்கூடும். அந்த வேறுபாட்டைக் கண்ணுறும்போதுதான், தம் துப்பாக்கி மூன்றாவதொன்று என்பதும், தொடக்க அளவிலிருந்து சிறிது சிறிதாக ஏறுவதே விவேகம் என்பதும் விளங்கும். உச்ச அளவில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்துத் தொடங்குக என்னும் பொதுவிதிக்கும் விலக்கு உண்டு, எச். 110 போன்ற மருந்தை அவ்வளவு குறைப்பது ஆபத்து என்று அதன் தயாரிப்பாளரே எச்சரிக்கின்றனர். ஆகவே வாய்மொழி விதி எதுவும் நூலுக்கு ஈடாகாது.

கையேடு அனுமதிக்கும் மருந்துகளுள், புதியவர் கூட்டைப் பெரும்பாலும் நிரப்பக்கூடியதைத் தெரிந்துகொள்வது நலம். தவறி இருமுறை இட்டால் அது வழிந்து பிழையைக் காட்டிக்கொடுக்கும். மேஜையின்மேல் ஒரு சமயத்தில் ஒரே மருந்துதான், அதுவும் அதன் சொந்த டப்பாவில்தான் இருக்க வேண்டும். மருந்தை நிறுக்கும் அலகு கிரெய்ன்; ஒரு பவுண்டு 7000 கிரெய்ன் கொண்டது. அத்தகைய கிரெய்ன் இரண்டொன்றின் மிகையே அபாயமாகிவிடும் இத்துறையில், ஊகத்துக்கு இடமே இல்லை.