குழந்தையின் மொழியும் சட்டத்தின் காவலும்

2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள், பத்லாபூர் ரயில் நிலையத்தில் பெற்றோரும் ஊராரும் தண்டவாளத்தில் இறங்கினர். பள்ளியில் இரு சிறுமியர் பாலியல் கொடுமைக்கு ஆளான செய்தியும், புகாரைப் பதிவு செய்வதில் நேர்ந்த தாமதமுமே அச்சினத்தின் காரணங்கள். விக்ரோலியில் நம்மவர் நாள்தோறும் ஏறும் அதே மத்திய ரயில் பாதையில்தான் அவ்வூரும் உள்ளது.

இத்தகைய வேளைகளில் பெற்றோர் கேட்பவை இரண்டு: தண்டனை கடுமையாக வேண்டும்; குற்றவாளி இன்னாரென ஊர் அறிய வேண்டும்.

முன்னது பெரும்பாலும் நிறைவேறியுள்ளது. 2012இன் போக்சோ சட்டம், 2019இல் திருத்தப்பெற்றபின், மிகக் கொடிய குற்றங்களுக்குக் குறைந்தது 20 ஆண்டுச் சிறையும், மரண தண்டனை வரையிலும் விதிக்க இடமளிக்கிறது.

பின்னதில் நம் நாட்டின் வழி வேறு. அமெரிக்காவில் 1996இன் மேகன் சட்டப்படி, விடுதலையான குற்றவாளிகளைப் பற்றிப் பொதுமக்களுக்கு அறிவிக்கின்றனர். இங்கு 2018இல் தொடங்கிய தேசியப் பதிவேட்டைக் காவல்துறை முதலிய அமைப்புகளே பார்க்க இயலும். குற்றவாளி பெரும்பாலும் குழந்தைக்கு அறிமுகமானவனே. அவன் பெயர் பரவினால் குழந்தையின் அடையாளமும் வெளிப்பட்டுவிடலாம் என்பது சிந்திக்கத்தக்கது.

எனினும், முதற்புகார் பிழைபட்டால் கடுந்தண்டனையால் பயனில்லை. நம் குழந்தை தமிழில் கூறுவது மராத்தியில் எழுதப்படும். குழந்தைக்குப் புரியாத மொழியில் பதிவு செய்தால், மொழிபெயர்ப்பாளரை அமர்த்தவேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரி வாக்குமூலம் பெறவேண்டும் என்கிறது 24ஆம் பிரிவு. உதவிக்கு 1098 என்ற தொலைபேசி எண் உண்டு.

இவை சலுகைகள் அல்ல, உரிமைகள். பெற்றோர் தயங்காது கேட்டுப் பெறுவாராக.