அழைப்பும் பணிமாற்றமும்: சோர்ந்துபோன செவிலியர்க்கு ஆயர் கூறத்தக்கது

ஆயர்பணியில் நாம் அடிக்கடி எதிர்கொண்டும், இறையியல் நோக்கில் ஆழ்ந்து சிந்தியாது விட்ட வினா ஒன்று உண்டு. மருத்துவமனையில் பல்லாண்டு உழைத்து, உடலும் உள்ளமும் ஓய்ந்து, வேறு தொழிலை நாடும் செவிலியர் ஒருவர், "ஐயா, இந்த வேலையை விட்டுவிட்டால் ஆண்டவருடைய அழைப்பை மறுதலித்தவளாவேனா?" என்று கேட்கும்போது ஆயர் என்ன விடை கூறுவது?

இவ்வினா நம்மிடமே கேட்கப்பட்டது. கேட்டவர் பத்தொன்பது ஆண்டுகள் செவிலியராயிருந்தவர். அவற்றுள் பெரும்பகுதி தீவிர சிகிச்சைப் பிரிவில் கழிந்தது. இரவுப் பணி முடிந்து வீடு திரும்பினாலும் உறக்கம் வருவதில்லை என்றார். நோயாளி ஒருவர் இறந்தால் முன்போல் கண்ணீர் வருவதில்லை. ஒரு படுக்கை காலியாயிற்று என்ற எண்ணமே எழுகிறது. அதுவே தம்மை அச்சுறுத்துகிறது என்றார். நாமோ அதனை விசுவாசக் குறைவென்று கொண்டோம். ஊக்கமாய் ஜெபிக்கச் சொல்லி, கலப்பையின்மேல் கைவைத்துப் பின்னிட்டுப் பார்க்கிறவனைப் பற்றி ஆண்டவர் உரைத்ததை (லூக்கா 9:62) நினைவூட்டி அனுப்பினோம். அவர் கீழ்ப்படிந்து மேலும் ஓராண்டு உழைத்தார். பின்பு ஒருநாள் பணியிடத்திலேயே மயங்கி விழுந்தார். நம் ஆலோசனை தவறு என்பதை அப்போதுதான் உணர்ந்தோம். அத்தவற்றை மற்ற ஆயர்கள் செய்யாதிருக்கவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

1. சோர்வின் இயல்பு

1974 ஆம் ஆண்டில் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்னும் உளவியலறிஞர், இலவச மருத்துவ நிலையங்களில் ஆர்வத்தோடு உழைத்தவர்களிடம் தாம் கண்ட ஒருவகைச் சோர்வை விவரித்து எழுதினார். ஆங்கிலத்தில் 'பர்ன்அவுட்' எனப்படும் இதனை நாம் பணிச்சோர்வு எனலாம். 1981 இல் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் ஆகிய இருவரும் இதை அளந்தறியும் முறையொன்றை வெளியிட்டனர். உள்ளம் வற்றிப்போதல், பிறரை மனிதராக அன்றிப் பொருள்களாகக் காணத் தொடங்குதல், தம் உழைப்பால் பயனில்லை என்று எண்ணுதல் ஆகிய மூன்றும் அவர்கள் கண்ட கூறுகள். நம்மிடம் வந்த சகோதரி கூறியதில் இரண்டாவது கூறு தெளிவாயிருந்ததை அன்று நாம் அறிந்தோமில்லை.

2019 இல் உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் பதினொன்றாம் திருத்தத்தில், இது ஒரு நோயன்று, தொழில் சார்ந்த நிலை என்று வரையறுத்தது. பணியிடத்தில் நெடுநாள் நீடித்து, சரிவரக் கையாளப்படாத அழுத்தத்தின் விளைவே இது என்பது அதன் விளக்கம். ஆயருக்கு இது முக்கியமானது. காரணத்தைச் சோர்ந்தவரின் ஆத்துமாவில் மட்டும் தேடுவது போதாது என்று இது நமக்குக் காட்டுகிறது.

இறையியல் மாணவர் சிலர், நான்காம் நூற்றாண்டில் எவாக்ரியு என்னும் பாலைவனத் துறவி விளக்கிய 'அக்கேதியா' என்னும் நண்பகற் சோர்வோடு இதனை ஒப்பிடலாம். ஒப்புமை உண்டு, ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. தனிமையில் வாழ்ந்த துறவிக்குக் கூறப்பட்ட மருந்து, தன் அறையை விட்டு வெளியேறாதிருத்தல். ஓய்வின்றிப் பலரைச் சுமந்தவருக்கு அம்மருந்தையே கொடுத்தால் அது நஞ்சாகும். நாம் கொடுத்தது அதுவே.

2. மறைநூல் காட்டும் வழி

லூக்கா 9:62 தொழிலைப் பற்றிய வசனமன்று. அது இயேசுவைப் பின்பற்றுதலைப் பற்றியது. பேதுரு வலையையும், மத்தேயு ஆயத்துறையையும் விட்டே சீடராயினர். தொழிலை விட்டவர்களைக் கண்டிக்க அவ்வசனத்தை எடுத்தாள்வது அதன் பொருளைத் திரிப்பதாகும்.

1 இராஜாக்கள் 19 இல் சூரைச்செடியின் கீழ்ச் சாவை வேண்டிய எலியாவைக் காண்கிறோம். தேவன் அவரை முதலில் கண்டிக்கவில்லை. உறக்கமும், அடையும், தண்ணீரும், மறுபடியும் உறக்கமும் உணவும் கொடுத்தார். "இங்கே உனக்கு என்ன காரியம்" என்னும் கருத்துள்ள வினா ஓரேபில்தான் எழுகிறது. அதன்பின் மூன்று பொறுப்புகள் தரப்படுகின்றன: ஆசகேலையும், யெகூவையும், எலிசாவையும் அபிஷேகம் செய்யவேண்டும். ஆனால் எலியா நேரில் சந்தித்ததாக நாம் வாசிப்பது எலிசாவை மட்டுமே. ஆசகேல் அரசனாவான் என்று அறிவித்தவர் எலிசா (2 இராஜாக்கள் 8). யெகூவை அபிஷேகம் செய்ய ஆளனுப்பியவரும் அவரே (2 இராஜாக்கள் 9). எலியாவிடம் கொடுக்கப்பட்ட வேலை மற்றொருவர் கையால் முடிந்தது. இதற்காக எலியா குற்றஞ்சாட்டப்படவில்லை.

எண்ணாகமம் 8:24-26 பிரசங்க பீடத்தில் அரிதாகவே கேட்கப்படும் பகுதி. லேவியர் இருபத்தைந்து வயதில் பணிக்கு வந்து, ஐம்பது வயதில் அதனின்று விலகவேண்டும். அதன்பின் தம் சகோதரரோடு காவல் காக்கலாம், வேலை செய்தலாகாது. கூடாரத்தின் பலகைகளையும் பாதங்களையும் சுமந்தோர்க்கு இவ்விதி இரக்கமுள்ள விதியே. சுமக்கிற உடலுக்கு எல்லை உண்டென்பதைத் தேவனே சட்டமாக்கினார். விலகியவர் லேவியரல்லாதவர் ஆகிவிடவில்லை.

3. அழைப்பும் தொழிலும்

துறவிகளுக்கும் குருக்களுக்கும் உரியதாகக் கருதப்பட்ட 'அழைப்பு' என்னும் சொல்லை, செருப்புத் தைப்பவரின் வேலைக்கும் தாயின் வேலைக்கும் லூத்தர் விரித்தார். இது சீர்திருத்தம் தந்த பெருங்கொடை. ஆனால் நம் சபைகளில் அது வேறொரு வடிவம் எடுத்துவிட்டது. ஒரு தொழிலே அழைப்பு என்றாகி, அதை விடுவது தேவனை விடுவது போலாயிற்று. 1 கொரிந்தியர் 7:20 அவரவர் அழைக்கப்பட்ட நிலையில் நிலைத்திருக்கச் சொல்கிறது என்பர். அடுத்த வசனத்தையும் வாசிக்கவேண்டும்: அடிமைக்கு விடுதலை வாய்க்குமானால் அதை ஏற்கலாம் என்றே நம் தமிழ் வேதாகமம் அதனைப் பொருள்கொள்கிறது. அழைக்கிறவர் கிறிஸ்து, தொழில் அவ்வழைப்புக்கு நாம் கொடுக்கும் விடைகளுள் ஒன்று. விடை மாறலாம்.

4. ஆயர் செய்யத்தக்கவை

முதலாவது, ஜெபிக்குமுன் உறக்கத்தையும் உணவையும் பற்றி விசாரித்தல். சாவை விரும்பும் எண்ணம் வெளிப்படுமானால் தாமதியாது மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும்.

இரண்டாவது, அவசரப்படுத்தாமை. சோர்ந்தவர் அனைவரும் பணியை விடவேண்டும் என்பதன்று. சிலருக்கு நீண்ட விடுப்பும், வேறு பிரிவுக்கு மாற்றமும் போதும். படிப்புக்காக வாங்கிய கடனையும், பிள்ளைகளின் கல்விச் செலவையும் குடும்பத்தாரோடு அமர்ந்து கணக்கிட ஆயர் துணை நிற்கலாம்.

மூன்றாவது, பணியிடத்தின் நீதியைப் பேசுதல். உச்ச நீதிமன்றத்தின் 2016 ஆம் ஆண்டு உத்தரவின்படி அமைந்த குழு, ஐம்பது படுக்கைகளுக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் செவிலியரின் மாத ஊதியம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்று பரிந்துரைத்தது. நம்மில் சிலர் திருச்சபை மருத்துவமனைகளின் நிர்வாகக் குழுக்களில் அமர்கிறோம். ஊதியத்தையும், ஒரு செவிலியர் கவனிக்கும் நோயாளிகளின் எண்ணிக்கையையும் அங்கே நாம் கேட்டதுண்டா? "இது ஊழியமல்லவா" என்று கூறிக் குறைந்த கூலியை நியாயப்படுத்துவோமானால், சோர்வுக்கு நாமும் பொறுப்பாளிகளே.

நான்காவது, வழியனுப்புதல். பயிற்சி முடிக்கும் செவிலியருக்காக விளக்கேற்றி ஆராதனை நடத்துகிறோம். விலகுகிறவருக்காக ஒரு நன்றி ஜெபமும் நம் முறைமைகளில் இல்லை. அதனால் அவர் குற்றவாளி போல் ஆலயத்தின் பின்வரிசைக்குச் செல்கிறார். பத்தொன்பது ஆண்டு உழைப்புக்காகச் சபை தேவனைத் துதிக்கவேண்டாமா?

அச்சகோதரி இப்போது ஒரு பள்ளி அலுவலகத்தில் கணக்கெழுதுகிறார். வருமானம் முன்னிலும் குறைவு, உறக்கம் திரும்பியிருக்கிறது. அவர் விலகிய மறுமாதமே, ஞாயிறுதோறும் சபையின் மருத்துவ முகாமை நடத்தித் தரும்படி சபைக்குழு கேட்டது. அவர் மறுத்தார். சிலர் மனக்கசப்படைந்தனர். நாம் அந்தக் கூட்டத்தில் எண்ணாகமம் எட்டாம் அதிகாரத்தை வாசித்து, அவருக்காக முன்னர் கூறியிருக்கவேண்டிய சொற்களைக் காலந்தாழ்த்திக் கூறினோம். உங்கள் சபையில் இவ்வினா எழும்போது, அச்சொற்கள் காலத்தோடு கூறப்படுவதாக.